உடைந்த டிவியும் ஒன்பது வருட வேலையும்

சொந்தமாக சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்கும் ஆசை இருக்கிறதா? ராஜினாமா கடிதத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் அதற்கு முன் என்ன வேலை பார்த்தார் என்று பாருங்கள்.

திருச்சிக்காரர். தஞ்சாவூரில் இன்ஜினியரிங், சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. பிறகு ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தில் சுமார் ஒன்பது ஆண்டுகள். வாங்க வருபவர்களுக்கு மென்பொருளை இயக்கிக் காட்டி விளக்கும் ப்ரீ-சேல்ஸ் வேலையில் தொடங்கி, ப்ராடக்ட் பிரிவின் துணைத் தலைவர் வரை உயர்ந்தார். அங்கே அவர் கையாண்டது, புகார்களை வாங்கித் தீர்க்க உதவும் ஹெல்ப்டெஸ்க் மென்பொருள். பின்னாளில் சொந்தமாகச் செய்ததும் அதையேதான். சம்பளம் வாங்கிக்கொண்டே தொழில் பழகினார் என்பதுதான் என் கணிப்பு.

அமெரிக்காவில் சில காலம் இருந்துவிட்டுச் சென்னைக்குக் குடிவந்தபோது, சாமான்களோடு வந்த டிவி உடைந்திருந்தது. இழப்பீடு கேட்டுப் போன், மின்னஞ்சல் என்று மாதக்கணக்கில் அலைந்தார். நடந்ததை இணையத்தில் பலர் பார்க்க எழுதிய பிறகுதான் மன்னிப்பும் பணமும் வந்தன. புகார் இனி போனில் மட்டும் வராது என்பது அப்போது உறைத்தது. 2010இல், ஹெல்ப்டெஸ்க் மென்பொருள் விற்கும் ஜென்டெஸ்க் நிறுவனம் தன் விலையை ஏற்ற, அதன் வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பில் கிரீஷ் ஒரு சந்தையைக் கண்டார். ஷான் கிருஷ்ணசாமி என்பவருடன் சேர்ந்து சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். அதுதான் பின்னர் ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆனது.

உடைந்த டிவி எல்லார் வீட்டிலும் இருக்கும். அதற்குப் பின்னால் ஒன்பது வருடப் பழக்கம் இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை இன்றே தொடங்கலாம். உங்கள் கம்பெனியின் சப்போர்ட் டிக்கெட்டுகளைத் தினமும் அரைமணி நேரம் படியுங்கள். “சேவ் ஆகவில்லை” என்று ஒருவர் எழுதியிருப்பார். விசாரித்தால், அவருடைய சின்ன லேப்டாப்பில் சேவ் பட்டன் திரைக்குக் கீழே மறைந்திருக்கும். சேமிக்கும் கோடில் பிழையே இருக்காது. இந்த மாதிரி ஐம்பது டிக்கெட் படித்தவருக்கு, எதை விற்கலாம் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். யார் காசு கொடுப்பார்கள், எந்த விலையில் முகம் சுளிப்பார்கள் என்பதை அறிய, விற்பனைக்குப் போகும் சக ஊழியரோடு நீங்களும் போய் உட்காருங்கள்.

கிரீஷின் கதைக்கு வருவோம். ஃப்ரெஷ்டெஸ்க்கின் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு கல்வி நிலையம். 2011இல் மைக்ரோசாஃப்ட் நடத்திய போட்டியில் 40,000 டாலர் பரிசு, அதே ஆண்டில் ஆக்செல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் பணம். 2021 செப்டம்பர் 22இல் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் நிறுவனம் பட்டியலானபோது, பங்கு வைத்திருந்த ஊழியர்களில் 500க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள்.

ஆகவே, நிறுவனர் ஆகும் எண்ணம் இல்லாமல் ஸ்டார்ட்அப்பில் சேர்பவர்களும் ஆஃபர் லெட்டரில் ஊழியர்களுக்குப் பங்கு தரும் ‘ஈசாப்’ பகுதியைத் தாண்டிப்போக வேண்டாம். எத்தனை பங்கு, எந்த விலையில், எத்தனை ஆண்டில் கைக்கு வரும், இடையில் விலகினால் வாங்க எத்தனை நாள் அவகாசம்? கையெழுத்துக்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.