‘தான்’ என்னும் சொல்லும் ஆங்கிலத் தற்சுட்டுப் பெயரும்

ஆங்கிலத்திலே மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹிம்செல்ஃப் முதலாக வழங்குவன தற்சுட்டுப் பெயர்களாம். செய்தவனே செயப்படுபொருளாகவும் நிற்குமிடத்து அவை வரும். கந்தன் பழித்தது ‘ஹிம்’ எனின் பழிபட்டவன் பிறனொருவன். ‘ஹிம்செல்ஃப்’ எனின் கந்தனே. தமிழில் இவற்றை ‘அவனை’, ‘தன்னை’ என்கின்றோம். இவ்வளவில் இடர்ப்பாடு யாதுமில்லை. ஆயின், ‘தான் என்றால் ஹிம்செல்ஃப்’ என மனனஞ் செய்துகொண்டு பரீட்சைக்குச் செல்லும் மாணாக்கர் இதற்கப்பால் இடறுகின்றனர்.

‘தன்னைக் கந்தன் அடித்ததாக முருகன் கூறினான்’ என்னும் வாக்கியத்தை நோக்குவோம். அடிபட்டவன் முருகன் என்பது நமக்குத் தெளிவு. இதனை ஆங்கிலத்தில் எழுதுமிடத்து ‘தன்னை’ என்பதற்கு ‘ஹிம்செல்ஃப்’ என்று பெய்தால், கந்தன் தன்னைத்தானே அடித்துக்கொண்டான் என்று பொருள்படும். ஆங்கிலத் தற்சுட்டுப் பெயர் தான் நிற்கும் சிறு வாக்கியத்தின் எல்லைக்குள்ளேயே தன் உரியோனைத் தேடும். எல்லை கடந்து முருகனிடம் செல்லாது. ஆகவே அங்கு வேண்டுவது வெறும் ‘ஹிம்’. நீதிமன்றிலே கொடுக்கும் வாக்குமூலமொன்றை இவ்வாறு பிழைபட மொழிபெயர்த்தால், அடித்தவனும் அடிபட்டவனும் ஒருவனேயாகி, வழக்கே இல்லாதொழியும்!

‘தான் வருவதாகக் கந்தன் முருகனிடம் சொன்னான்’ என்பதும் இத்தகையதே. இங்கே ‘தான்’ எழுவாய். ஹிம்செல்ஃப் தனித்து எழுவாயாய் நிற்கும் ஆற்றலற்றது. ‘ஹீ’ என்றே எழுதல் வேண்டும். ஆனால் அந்த ‘ஹீ’ கந்தனோ, முருகனோ, வேறொருவனோ என்ற ஐயம் ஆங்கிலத்தில் எழும், தமிழில் எழாது. நம் மொழிக்கு ஏற்றங் கூறுவான் வேண்டி இதனைச் சொன்னோமல்லேம். மொழிபெயர்ப்போர் அறியவேண்டிய வேறுபாடு இது.

‘தான்’ ஆண்பால் பெண்பால் காட்டாது. உயர்திணை அஃறிணை இரண்டற்கும் பொது. ஆங்கிலமோ ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப், இட்செல்ஃப் எனப் பிரித்துக் கூறும். ஒருமை பன்மை காட்டாத ‘யூ’ என்னுஞ் சொல்லும் இங்கே யுவர்செல்ஃப், யுவர்செல்வ்ஸ் என எண் காட்டி நிற்பது வியப்பே.

நம் ‘கொள்’ என்னும் துணைவினையும் மாணாக்கரை மயக்குவதுண்டு. ‘சவரஞ் செய்துகொண்டான்’, ‘உடுத்துக்கொண்டான்’ என்பவற்றை ஆங்கிலர் பெரும்பாலும் வெறும் வினையாலேயே சொல்வர். ‘கொள்’ வந்த இடமெல்லாம் ‘செல்ஃப்’ வேண்டா.

‘அதிபர் தாமே வந்தார்’ என்னுமிடத்து வரும் ஹிம்செல்ஃப் தேற்றப்பொருளது. அதனை நீக்கினும் வாக்கியம் குறைபடாது. ‘தன்னைப் பழித்தான்’ என்பதிலோ நீக்கினாற் பழிபட்டவன் யாரென்பதே தெரியாது. இவ்விரண்டையும் பிரித்தறிய இச்சோதனை போதும். பழைய ஆங்கிலத்தில் ‘செல்ஃப்’ தேற்றத்திற்கே சிறப்பாக உரியதாயிருந்தது. தற்சுட்டுப் பொருளைச் சாதாரண பிரதிப்பெயரே தாங்கிற்று.

விண்ணப்பக் கடிதங்களிலே ‘மீ’ என்பது பணிவாகாதென்றெண்ணி, ‘மைசெல்ஃபுக்கு மறுமொழி விடுக்க’ என்னும் பாங்கில் எழுதுவோர் பலர். ‘மைசெல்ஃப் கந்தன்’ என்று தம்மை அறிமுகஞ் செய்வாரும் உளர். முன்னதற்கு ‘மீ’ போதும். பின்னதற்கு ‘ஐ ஆம்’ போதும்.