ஸ்லோவில் நின்றுபோன எஞ்சினும் எட்டாம் வகுப்பு அறிவியலும்

எங்கள் பள்ளிக்குக் கடற்கரை கூப்பிடு தூரம். எட்டாம் வகுப்பில் எரிதல் பற்றி நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்தான். "சார், எரியறதுக்கு எரிபொருள், காற்று, வெப்பம் மூணும் வேணும்னீங்க. எங்க அப்பா படகு எஞ்சின் வேகமா ஓடுது. ஸ்லோவுல வச்சா மட்டும் தடதடன்னு ஆடி நின்னுடுது. மூணுல எது இல்ல?"

எனக்கு உடனே விடை தெரியவில்லை. ஆனால் கேள்வியின் கனம் புரிந்தது. கரை திரும்பும் படகு, அலை உடையும் இடத்தில் வேகத்தைக் குறைத்து அலை பார்த்து வர வேண்டும். அங்கே எஞ்சின் நின்றால் படகு குறுக்கே திரும்பிக் கவிழலாம்.

அவன் அப்பா அதற்குள் இரண்டு பிளக்குகளையும் மாற்றி, கார்புரேட்டர் திருகையும் திருப்பியிருந்தார். குறை தீரவில்லை, திருகு முன்பு எந்த நிலையில் இருந்தது என்பதும் மறந்துவிட்டது. இதையே பாடமாக எடுத்துக்கொண்டேன்.

கரும்பலகையில் மூன்று பத்திகள் வரைந்தோம்: ஐயம், சோதனை, கண்டது. விதிகள் இரண்டு: எளிய சோதனை முதலில், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மறுநாள் மாலை மெக்கானிக் சோதித்தார். மாணவர்கள் தள்ளி நின்று குறிப்பெடுத்தார்கள். எஞ்சினின் கீழ்ப்பகுதி தண்ணீர்த் தொட்டியில் இருந்தது. தண்ணீரின்றி ஓட்டினால் குளிர்விக்கும் பம்ப் கெட்டுவிடும்.

முதல் ஐயம், எரிபொருள் வரும் வழி. டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடியிருந்தால், எண்ணெய் குறையக் குறைய உள்ளே அழுத்தமும் குறைந்து எண்ணெய் வராது. திருகு திறந்தே இருந்தது. குழாயிலுள்ள ரப்பர் பந்தை அமுக்கியும் ஓட்டம் சீராகவில்லை.

இரண்டாவது, எண்ணெயில் நீர். கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்தோம். மண்ணெண்ணெயின் அடர்த்தி நீரைவிடக் குறைவு, ஏறத்தாழ 0.8 கிராம்/க.செ.மீ. நீர் இருந்தால் அடியில் தங்கும். தங்கவில்லை.

மூன்றாவது, தீப்பொறி. மெக்கானிக் மேல் சிலிண்டரின் பொறியை நிறுத்தியதும் எஞ்சின் நின்றது. கீழ்ச் சிலிண்டரின் பொறியை நிறுத்தியபோது சத்தமே மாறவில்லை. அப்படியானால் கீழ்ச் சிலிண்டர் ஸ்லோவில் வேலை செய்யவே இல்லை! பிளக்குகளை இடம் மாற்றினார். குறை அதே சிலிண்டரில் இருந்தது. பிளக் குற்றவாளி அல்ல. பொறியும் நன்றாக வந்தது.

மிஞ்சியது கீழ்ச் சிலிண்டரின் கார்புரேட்டர். கழற்றினால், ஸ்லோ ஜெட்டின் ஊசித்துளையைப் பழைய எண்ணெயின் பிசின் அடைத்திருந்தது. வேகத்தில் எண்ணெய் பெரிய ஜெட் வழியாக வருவதால் குறை தெரியவில்லை. சுத்தம் செய்து, திருகையும் சரியான நிலையில் வைத்ததும் எஞ்சின் சீராக ஓடியது. இல்லாமல் போனது எரிபொருள்தான். அதுவும் ஒரே சிலிண்டரில், ஸ்லோவில் மட்டும்!

"மாற்றமில்லை" என்று எழுதியவற்றை அழிக்கலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். வேண்டாம் என்றேன். ஒவ்வொரு "மாற்றமில்லை"யும் ஓர் ஐயத்தை நீக்கியது. அவை இல்லாமல் அந்த ஊசித்துளைக்கு வந்திருக்க மாட்டோம்.

கடல் இல்லாத ஊர்களில் எரியாத டார்ச் விளக்கு போதும். பேட்டரியா, பல்பா, ஸ்விட்சா? தொடக்க வகுப்புக் குழந்தைகளும் அதே மூன்று பத்திகளை நிரப்பலாம். விடையை மட்டும் நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது.