தம்பியின் குணம் மாறிவிட்டதா?

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. மனச்சிதைவு என்று டொக்டர் சொன்னார். மருந்தால் காதில் கேட்ட குரல்கள் நின்றுவிட்டன. ஆனால் குளிப்பதில்லை, பேச்சில்லை, கடைக்கும் போவதில்லை. சோம்பேறி என்று வாப்பா ஏசுகிறார். குணமே மாறிவிட்டதா?
– வாசகி, சாய்ந்தமருது

பதில்: இல்லை சகோதரி, இது நோயின் இன்னொரு பாதி. குரல்களை அடக்கும் மருந்து, இந்த ஆர்வமின்மையை அவ்வளவாகத் தொடாது. சவர்க்காரமும் துவாயும் கையில் இருந்தாலும் எழுந்து கிணற்றடிக்குப் போவது அவருக்கு மலையேறுவது போல. சிலவேளை மருந்தின் அளவும் மந்தமாக்கும். கிளினிக்கில் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். ஓதிப் பார்த்தாலும் மருந்து தொடரட்டும். ஏச்சு மிகுந்த வீட்டில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாப்பாவிடம் இதை அவசியம் சொல்லுங்கள். சுபஹுக்குப் பின் குளிப்பு, பிறகு கடையில் அரை மணி நேரம்: முதல் மாதத்துக்கு அவ்வளவே போதும். அவசரமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு அழையுங்கள்.