நாய் ஓயாமல் சொறிகிறதா?

1. முதலில் வாலடியிலும் காதோரத்திலும் பேன் சீப்பால் வாருங்கள். உதிரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் ஒற்றுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது மண் அல்ல, தெள்ளுப்பூச்சியின் எச்சம். நாயின் ரத்தம் செரித்து வந்த நிறம் அது. உடனே படுக்கைத் துணியை வெந்நீரில் துவையுங்கள். முட்டைகள் பெரும்பாலும் அங்கேதான் உதிர்ந்து கிடக்கும்.

2. ஒரு கப் ஓட்ஸை மிக்ஸியில் மாவாக அரைத்து, வெதுவெதுப்பான நீரில் கரைத்து உடம்பில் ஊற்றுங்கள். 10 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். எரிச்சல் நன்றாகத் தணியும். சூடான நீர் வேண்டாம், அரிப்பைக் கூட்டும்.

3. மழையில் நனைந்து வந்தால் விரலிடுக்குகளைத் துடையுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை வரும்.

4. வறண்டு செதில் உதிரும் இடத்தில் தேங்காய் எண்ணெய், ஓரிரு சொட்டு போதும். அதிகம் நக்கினால் வயிற்றுப்போக்காகும்.

5. நம் சோப்பு, ஷாம்பு போடாதீர்கள்; நாயின் தோலுக்கு ஒத்துவராது, வறட்சி கூடும். உண்ணி போக மண்ணெண்ணெய் தடவுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தோலைப் பொசுக்கும், நக்கினால் விஷம். வாயில்லா ஜீவன், எரிகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. டீ ட்ரீ எண்ணெயும் விஷமே.

6. முடி வட்டமாகக் கொட்டினாலோ, சீழோ நாற்றமோ இருந்தாலோ, காதைச் சொறிந்து தலையை உதறிக்கொண்டே இருந்தாலோ கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சொறிப்பூச்சியோ தொற்றோ இருந்தால் மருந்தில்தான் போகும்.