கையில் நின்றதும் கணக்கில் நின்றதும்

"சொர்ணவாரி எப்படிப்பா?"

"செலவு போக ஏக்கருக்குப் பதினெட்டாயிரம் கையில நின்னுச்சுடா."

நாவலூரில் வீடு, திருப்போரூர்ப் பக்கம் ஒரு ஏக்கர் நஞ்சை. அப்பா பயிர் பார்க்கிறார், மகனுக்குச் சிறுசேரியில் வேலை. 2025 சொர்ணவாரிப் போகத்தின் அறுவடை முடிந்த கையோடு அப்பாவின் நோட்டை மகன் வாங்கிப் பார்த்தார். 75 கிலோ மூட்டை 25. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் சாதாரண நெல்லுக்குக் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஆக வரவு 46,875. உழவு, விதை, உரம், நடவு ஆள், அறுவடை இயந்திரம் எல்லாம் சேர்ந்து 28,000. அப்பா சொன்னது சரிதான், 18,875 நின்றது.

நோட்டில் ஏறாத செலவுகளை மகன் கீழே எழுதினார். அப்பாவும் அம்மாவும் தண்ணீர் கட்டியது, வரப்பு வெட்டியது, களை பிடுங்கியது எல்லாம் பதினைந்து ஆள் வேலை. ஆளுக்கு 500 என்றால் 7,500. இதே நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் ஐந்து மூட்டை வந்திருக்கும், அது 9,375. மோட்டார் தேய்மானத்தில் இந்தப் போகத்தின் பங்கு 1,500. கடைசியில் மிஞ்சியது 500 ரூபாய். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

சுருங்க வேண்டியதில்லை. பதினெட்டாயிரம் பொய்யில்லை. அதில் பெரும்பகுதி அவர்களுடைய உழைப்புக்கான கூலியும் நிலத்துக்கான வாடகையும். பயிர் தனியாகச் சம்பாதித்தது அந்த ஐந்நூறு. மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான், அடுத்த போகம் நெல்லா, காய்கறியா, குத்தகையா என்று முடிவெடுக்க முடியும்.

நாடு முழுவதும் நடக்கும் வழக்கும் இதுதான். விவசாயச் செலவு மற்றும் விலை ஆணையம் ரொக்கச் செலவை ஒரு கணக்காகவும், அதோடு குடும்ப உழைப்பைச் சேர்த்து இன்னொன்றாகவும், சொந்த நிலத்தின் வாடகையையும் முதலீட்டு வட்டியையும் கூட்டி மூன்றாவதாகவும் போடுகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் வைத்து விலை கொடுக்கச் சொன்னது. எந்தச் செலவு? 2025-26-ல் மத்திய அரசு நெல்லுக்குக் கணக்கிட்ட செலவு குவிண்டாலுக்கு 1,579, ஆதரவு விலை 2,369. இது இரண்டாவது கணக்கு. விவசாயச் சங்கங்கள் கேட்பது மூன்றாவதை. அந்தக் கோரிக்கை நியாயமானது என்பதை நாவலூர் நோட்டே காட்டுகிறது.

பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய ஊர்களில் இன்னொரு குழப்பமும் உண்டு. இருபது சென்ட் விற்று டிராக்டர் வாங்கி, வீட்டையும் புதுப்பித்தவரை ஊர் 'நல்லா வந்துட்டார்' என்கிறது. அது மனை விலை கொடுத்த பணம், விளைச்சல் கொடுத்ததில்லை. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதவே கூடாது. மறுபுறம், கோடிக்கணக்கில் மதிப்புள்ள நிலத்துக்கு வங்கி வட்டி என்ன வரும் என்று பார்த்து விவசாயத்தையே நஷ்டம் என்று தள்ளுவதும் தவறு. மேலே சொன்ன மூன்றாவது கணக்கில்கூட நிலத்தின் வாடகைதான் சேர்கிறது, நிலத்தின் விலைக்கு வட்டி சேர்வதில்லை.

மாடு வைத்திருப்பவர்களுக்கு அன்றாடம் காசு புழங்குவதால் கண்மறைப்பு அதிகம். ஆவின் 2023 டிசம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 38 ரூபாய் ஆக்கியது. அடுக்குமாடி வீடுகளுக்கு நேராக ஊற்றினால் அதைவிடக் கூடவே கிடைக்கும். ஆனால் பால் வற்றிய மாதங்களிலும் மாடு தின்னும். ஒரு கன்று ஈன்றதிலிருந்து அடுத்த கன்று வரை மொத்தத் தீவனச் செலவையும் மொத்தப் பால் காசையும் எதிரெதிரே எழுதினால்தான் அந்த மாடு தேறுமா என்று தெரியும்.

கடனுக்கும் ஒரு பக்கம் வேண்டும். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி கிடையாது. கட்டும் பணம் நெல் விற்று வந்ததா, அம்மாவின் வளையலை அடகு வைத்து வந்ததா? மகன் இப்போது அதற்கென்று ஒரு பத்தி போட்டிருக்கிறார்: நடவுக்கு முன் வீட்டில் இருந்த நகை எத்தனை பவுன், அறுவடைக்குப் பின் எத்தனை பவுன்.