பொலிகாளையின் உடல் நிலை

மாணவர்களே, செயற்கைமுறைச் சினைப்படுத்தல் பற்றிய வினாவுக்கு உங்களில் பெரும்பாலானோர் நன்றாக விடை எழுதுகிறீர்கள். இயற்கைமுறைச் சினைப்படுத்தலில் காளையைப் பற்றிக் கேட்டால் மட்டும் "ஆரோக்கியமான காளையாக இருத்தல் வேண்டும்" என்ற ஒரே வரியோடு நிறுத்திவிடுகிறீர்கள். அதற்குப் புள்ளி கிடைப்பது கடினம்.

பசு ஒன்று சினைப்படாவிட்டால் நட்டம் ஒரு கன்றுதான். ஆனால் ஒரு பொலிகாளையை ஏறத்தாழ 25 பசுக்களுக்கு விடுவார்கள். அது பழுதானால் அடுத்த ஆண்டு அந்தப் பட்டியில் கன்றும் இல்லை, பாலும் இல்லை.

உடல் நிலைப் புள்ளி என்பது விலங்கின் உடலில் சேர்ந்துள்ள கொழுப்பைப் பார்த்தும் தடவியும் 1 முதல் 5 வரை மதிப்பிடுவதாகும். விலா, முதுகெலும்பு, இடுப்பெலும்பு, வாலடி ஆகியவற்றைக் கவனிக்குக. எலும்புகள் துருத்தி நின்றால் 1. அழுத்தினால் மட்டும் விலா தட்டுப்பட்டால் 3. கொழுப்பில் எலும்பு புதைந்திருந்தால் 5. பருவத்தின் தொடக்கத்தில் காளைக்கு 3 அல்லது 3.5 உகந்தது. திமிலைப் பார்த்து ஏமாற வேண்டாம். காளைக்குத் திமில் இயல்பாகவே பெரியது.

கொழுத்த காளை நல்லதுதானே என்று கேட்பீர்கள். இல்லை. விதைகள் உடல் வெப்பநிலையிலும் 2 முதல் 6 பாகை செல்சியசு குறைவாக இருந்தால்தான் விந்து சரியாக உருவாகும். விதைப்பையின் கழுத்தில் கொழுப்பு படிந்தால் வெப்பம் வெளியேறாது. காளையும் மந்தமாகிவிடும்.

மெலிந்த காளையின் பிரச்சினை வேறு. இனவிருத்திப் பருவத்தில் காளை மேய்ச்சலை விட்டுப் பசுக்களின் பின்னே திரியும், மற்றக் காளைகளோடு மோதும். பெரிய மேனாட்டினக் காளை ஒரு பருவத்தில் 45 முதல் 90 கிலோகிராம் வரை இழப்பதுண்டு. சிறிய உடலுடைய நமது நாட்டு மாடு அவ்வளவைத் தாங்காது. எனவே இழப்பதற்கென்று சிறிது சேமிப்பு உடலில் இருக்க வேண்டும்.

இனி முக்கியமான பகுதி. விந்து உருவாக ஏறத்தாழ 61 நாட்களும், அது முதிர்ந்து வெளிவர மேலும் சில நாட்களும் தேவை. மொத்தம் சுமார் 70 நாட்கள். ஆகவே இன்று போடும் தீனியின் பலன் இரண்டு மாதங்களுக்குப் பின்னரே தெரியும்.

பாலையூற்றிலிருந்து தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் போனால் பட்டி மாடுகளைக் காண்பீர்கள். மழை ஒக்டோபரில் தொடங்கி, புல் தழைத்து, பசுக்கள் தேறி, டிசம்பர் அளவில் வேட்கைக்கு வருகின்றன என வைத்துக்கொள்வோம். அப்போது காளை தரும் விந்து உருவாகத் தொடங்கியது வறட்சியின் முடிவில், அது மிகவும் மெலிந்திருந்த வேளையில்! மழை பெய்தபின் காளையைக் கவனிப்பவர் பிந்திவிட்டார்.

ஆதலால் வைக்கோலோடு தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் தாது உப்பும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். தவிட்டைத் திடீரெனக் கூட்டினால் இரைப்பையில் அமிலம் மிகுந்து வயிறு கெடும். இரு வாரங்களில் படிப்படியாகக் கூட்டுக. குடற்புழு மருந்தும் அப்போதே கொடுத்தல் நன்று.

பயிற்சி வினா: ஜனவரி 10 ஆந் திகதி காளையைப் பசுக்களுடன் விடவுள்ள பண்ணையாளர், மேலதிகத் தீனியை எப்போது தொடங்க வேண்டும்?

விடை: 70 நாட்கள் முன்னதாக, நவம்பர் 1 ஆந் திகதியளவில். காரணத்தையும் எழுதுக, திகதியை மட்டும் எழுதினால் பாதிப் புள்ளிதான்.