உலர்த்தும் யந்திரமும் அதன் காற்றுப்போக்கியும்

நனைந்த வஸ்திரம் கொடியில் உலர்வது வெயிலாலும் காற்றாலும் என்பதை நாம் அறிவோம். ஆயினும் அவ்விரண்டனுள் காற்றின் பங்கைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அமெரிக்க தேசத்துச் சலவைச்சாலைகளில் வரிசையாய் நிற்கும் பெரிய உலர்த்தும் யந்திரங்களை அமைப்போரும் இம்மறதிக்கு ஆளாவதுண்டு. உஷ்ணம் உண்டாகும் பகுதியைக் கண்ணுங் கருத்துமாய்ப் பார்ப்பர். ஈரக்காற்று வெளியேறும் குழாயையோ வெறும் தகரவேலையென்று விட்டுவிடுவர். ஆபத்துப் பெரிதும் பிறப்பது அங்கேயாம்.

முதலாவது, யந்திரத்தின் வேலை எவ்வளவு என்று பார்ப்போம். 30 கிலோ துணியைத் துவைத்துப் பிழிந்த பின்னும் அதில் 15 கிலோ ஜலம் தங்கியிருப்பதாகக் கொள்வோம். ஒரு கிலோ ஜலத்தை ஆவியாக்க ஏறக்குறைய 2,400 கிலோஜூல் உஷ்ணம் வேண்டும். ஆகவே 36,000 கிலோஜூல், அஃதாவது 10 யூனிட் மின்சாரத்திற்குச் சமமான சக்தி, ஆவியாக்குவதற்கே செலவாகிறது. அவ்வாவி முழுவதையும் விசிறி காற்றோடு வெளியே தள்ளவேண்டும். தள்ளிய அளவு காற்று அறைக்குள் புகவும் வேண்டுமன்றோ? கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டுத் துணி உலரவில்லையென்று யந்திரத்தைக் குறைகூறுவதிற் பயனில்லை. எரிவாயு யந்திரமாயின் கேடு இன்னும் பெரிது. அறையில் காற்றழுத்தம் குறையவே சுவாலை சரிவர எரியாது. கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு உண்டாகும். அருகிலுள்ள கொதிகலத்தின் புகையும் மேலேறாமல் உள்ளே திரும்பக்கூடும். அந்நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இதுபற்றியே, மணிக்கு 1,000 பி.டி.யு. உஷ்ணத்திற்கு 1 சதுர அங்குலம் வீதம் தடையற்ற திறப்பு வேண்டுமென அமெரிக்க எரிவாயு விதி வகுத்துள்ளது. 1,50,000 பி.டி.யு. யந்திரத்திற்கு 150 சதுர அங்குலம் வேண்டும். சாய்சட்டங்கள் பொருத்தினால் அவை மறைக்கும் இடத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இனி, குழாயைக் கவனிப்போம். துணி புரளுந்தோறும் பஞ்சுப் பிசிர் உதிர்கிறது. சல்லடைக்குத் தப்பியது காற்றோடு குழாயில் ஓடும். உலர்ந்த பிசிர் மிக எளிதில் தீப்பற்றும். 2008 முதல் 2010 வரை அமெரிக்க வீடுகளில் மட்டும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 2,900 உலர்த்தி விபத்துத் தீக்கள் நேர்ந்தன என்றும், துப்புரவு செய்யாமையே அவற்றின் முதற்காரணம் என்றும் அந்நாட்டுத் தீத்தடுப்பு நிர்வாகம் கணக்கிட்டது. ஆதலின் பிசிருக்குத் தங்க இடங்கொடாமையே இவ்வேலையின் உயிர்நிலை. குழாய் உட்புறம் வழுவழுப்பான உலோகத் தகட்டினால் ஆகியிருக்கவேண்டும்; பிளாஸ்டிக் ஆகாது. மூட்டுகளில் உள்ளே துருத்தும் திருகாணி ஒவ்வொன்றும் பிசிரைப் பிடிக்கும் தூண்டில்முள்ளாம். வளைவுகள் இயன்றமட்டும் குறைவாயிருக்கட்டும். மரம் முதலிய எரியும் பொருளுக்கும் குழாய்க்கும் இடையே 6 அங்குலம் விடவேண்டும். குழாயின் வாய் திறந்த வெளியில் முடியவேண்டும். பரண்மேலோ, புகைபோக்கிக்குள்ளோ முடிதல் தகாது. பறவைகளுக்கு அஞ்சி வாயில் கம்பிவலை கட்டுவோருமுண்டு. சில வாரங்களில் அவ்வலையே பஞ்சு மெத்தையாகிக் காற்றை அடைத்துவிடும்.

பல யந்திரங்களை ஒரே குழாயில் சேர்க்கையில், சேருமிடந்தோறும் அக்குழாய் பருக்கவேண்டும். 8 அங்குலக் குழாய்கள் இரண்டு சேர்ந்தால் 16 அங்குலம் வேண்டுமென்பது தவறு. பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், 64-ம் 64-ம் கூடி 128. அதன் வர்க்கமூலம் 11.3. எனவே 12 அங்குலம் போதும். கிளைக்குழாய் செங்குத்தாக முட்டாமல், காற்று ஓடும் திசையில் சாய்ந்து சேரவேண்டும்.

மும்முனை மின்சாரமாயின், இரு கம்பிகள் இடம் மாறினால் விசிறி எதிர்ப்புறம் சுழலும். அப்பொழுதும் சிறிது காற்று வருமாதலால் குற்றம் எளிதிற் புலப்படாது. சுழலும் திசையைக் கண்ணாற் கண்டே உறுதிசெய்தல் நன்று. எரிவாயுக் கசிவைச் சோப்பு நீரால் மட்டுமே சோதிக்கவேண்டும், நெருப்பினால் ஒருபோதும் கூடாது.

சமையலறைத் துணிகளைப்பற்றி ஒரு வார்த்தை. தாவர எண்ணெய் ஊறிய துணி துவைத்த பின்னும் சிறிது எண்ணெயைத் தன்னிடம் வைத்திருக்கும். சூடாக எடுத்துக் குவித்தால், அவ்வெண்ணெய் பிராணவாயுவோடு கூடி மேலும் சூடேறும். குவியலின் நடுவிலுள்ள உஷ்ணம் வெளியேற வழியின்றி, சில மணி நேரங் கழித்து ஆளில்லாத வேளையில் தானே தீப்பற்றவுங் கூடும். யந்திரம் இறுதியில் உஷ்ணமின்றிச் சிலநிமிஷம் சுழல்வது இதற்காகவே. அவசரப்பட்டு அதனை இடையில் நிறுத்தலாகாது. நிறுத்த நேர்ந்தால் துணிகளை உடனே எடுத்துப் பரப்பி ஆறவிடவேண்டும்.